குர்லா வரை ஒரு சால்சா

பஞ்சாபகேசனுக்கு ஆட வராது என்பது பம்பாய் செம்பூரில் அந்த நடன ஹாலுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும், பஞ்சாபகேசனைத் தவிர. இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களைத் திருத்தியே ரிட்டையரானவர். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். தனியாக நடந்தால் இவர் பாதி வழியில் யாருக்காவது புத்தி சொல்ல நின்றுவிடுவார் என்று, மனைவி விஜயலக்ஷ்மிதான் இருவர் பெயரையும் சால்சா வகுப்பில் கொடுத்தாள்.

முதல் நாளே அவர் தீர்ப்பு வழங்கிவிட்டார். எட்டு எண்ணிக்கை, ஆகவே இது ஆதி தாளம், இதில் கற்றுக்கொள்ளப் புதிதாக ஒன்றுமில்லை. சொல்லித்தருகிற பைசான் தாராவிக்காரன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பாட்டைவிட நீளமான அந்தச் சொற்பொழிவைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். சிக்கல் என்னவென்றால், சால்சாவில் நாலிலும் எட்டிலும் கால் நிற்க வேண்டும். மாட்டுங்கா சபாவில் நாற்பது வருஷம் முன்வரிசையில் தொடை தட்டியவருக்கு ஓர் எண்ணிக்கையைச் சும்மா விட மனசு வருமா? ஐந்து வந்ததும் அவருடைய வலது கை மனைவியின் முதுகைக் கைவிட்டுத் தொடையில் தட்டும். ஆறில் உள்ளங்கையை மலர்த்தி வீசும்.

"நாலுல சும்மா நிக்கணும்லா, அங்கிள்," என்பான் பைசான். "கை ஆன்ட்டி முதுகுலயே இருக்கட்டும். அதுதான் ஃபிரேம்."

விஜயலக்ஷ்மிக்கு மூன்றாவது வாரமே ஆட்டம் படிந்துவிட்டது. மாசக் கடைசி சனிக்கிழமை ஜோடியாக ஒரு பாட்டுக்கு ஆடிக் காட்ட வேண்டும். தேறினவர்கள் ஏழு மணி பேட்ச். தேறாதவர்கள் பழையபடி ஐந்து மணி. ஆன்ட்டி நிச்சயம், அங்கிளைப் பார்க்கலாம் என்றான் பைசான். அவமானம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் ஒரு நேரம், தான் ஒரு நேரம் என்பதுதான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஞ்சாபகேசனைக் குடைந்தது.

கல்யாணமான புதிதில் முலுண்டில் ஒற்றை அறை. சனிக்கிழமை மாட்டுங்காவில் கச்சேரி, கிங்ஸ் சர்க்கிளில் காபி, பிறகு ஸ்லோ லோக்கல் ரயிலில் வீடு. பெண்கள் பெட்டியான லேடீஸ் டப்பா காலியாக இருந்தாலும் விஜயலக்ஷ்மி அதில் ஏறமாட்டாள். குர்லா ஸ்டேஷனில் கூட்டம் உள்ளே பாயும். தடுப்புப் பலகையில் அவளைச் சாய்த்து, இரண்டு பக்கமும் கைகளை ஊன்றி, மொத்த பம்பாயையும் முதுகில் தாங்கிக்கொண்டு நிற்பார் அவர். அவள் தலையில் வைத்த கனகாம்பரம் கசங்காமல் முலுண்ட் போய்ச் சேரும். அப்புறம் குழந்தை, டிபன் பை, அவளுக்கும் ஒரு வேலை. அவள் லேடீஸ் டப்பாவுக்குப் போனாள். முப்பது வருஷம் ஒரே ரயில், வேறு வேறு டப்பா. அது ஒரு இழப்பு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை, இந்த வாரம் வரை.

சனிக்கிழமை வந்தது. பாட்டு தொடங்கியதுமே அவர் கை தொடையைத் தேடிற்று.

"ஏன்னா," என்றாள் விஜயலக்ஷ்மி, அவர் காதருகே. "தாளம் போடாதீங்கோ. குர்லா வரது."

கை தானாகப் போய் அவள் முதுகில் ஊன்றிக்கொண்டது. தோள் அகன்றது. ரயில் குலுக்கலுக்கு இடம் கொடுக்கிற மாதிரி முழங்கால் தளர்ந்தது. மூன்று அடி, ஒரு நிறுத்தம். மூன்று அடி, ஒரு நிறுத்தம். பாட்டு முடிகிறவரை ஒருவரும் அவளை இடிக்கவில்லை. இடிக்க அங்கே யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

பைசான் தலையைச் சொறிந்தான். "ஃபிரேம் ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ், அங்கிள். ஆனா ஆன்ட்டிய ஒரு தடவகூட சுத்தி விடலியே. டர்ன் வேணும்லா."

"அந்தக் கூட்டத்துல எப்படிப்பா திரும்பறது?" என்றார் பஞ்சாபகேசன், மெய்யாகவே குழம்பி.

மூன்றே ஜோடிகள் நின்ற ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தான் பைசான். அங்கிளுக்கு இன்னும் ஒரு மாசம் ஐந்து மணி, ஆன்ட்டி ஏழு மணிக்கு வரட்டும் என்று முடித்தான்.

விஜயலக்ஷ்மி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "எனக்கும் அஞ்சு மணியே போட்டுக்கோப்பா. லேடீஸ்ல முப்பது வருஷம் வந்தாச்சு."

பைசானுக்குப் புரியவில்லை. பஞ்சாபகேசனும் விளக்கவில்லை. வாழ்நாளில் அவர் விளக்காமல் விட்ட முதல் விஷயம் அதுதான்.