ஒரு சங்கிலி, நாலு லாரி

எங்கள் கம்பெனியில் லாரி நாலு, பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலி மூட்டை ஒன்று. முதலாளி வெலிச்கோவுக்கு இதில் எந்தக் குறையும் தெரியவில்லை. "போலீஸ்காரன் என்ன கேக்கறான்? வண்டியில சங்கிலி இருக்கான்னுதானே? மாட்டியிருக்கான்னா கேக்கறான்?" என்பார். அதற்கு மேல் பேசினால், உன் இடத்துக்கு ஆள் வரிசையில் நிற்கிறான் என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டுவார். ஜன்னலுக்கு வெளியே ஒரு நாய்தான் நிற்கும். ஆனாலும் பயமாக இருக்கும்.

கணவாய்க்கு ஏறும் இடத்தில் தடுப்புக் கட்டை. பனி விழுந்துவிட்டால் சங்கிலி இல்லாத லாரியை மேலே விடமாட்டார்கள். சார்ஜென்ட் வந்து கதவைத் திறந்து மூட்டையை பூட்ஸ் காலால் ஓர் உதை விடுவார். உள்ளே சங்கிலி கலகலக்கும். போ என்பார். முதல் லாரி சாப்பாட்டுக் கடையைத் தாண்டி வளைவில் திரும்பியதும் மூட்டையைக் கீழே தள்ளும். கடையில் தட்டு கழுவும் பென்சோ அதைத் தன் மகளின் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி, கொல்லைப்புறமாக இழுத்துக்கொண்டு வந்து அடுத்த லாரியில் போடுவான். மறுபடி உதை, மறுபடி கலகல, மறுபடி போ. கல்யாணக் கோட்டு ஒன்றையே நாலு மாப்பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்த கதைதான். மூட்டையின் வாயைச் சிவப்புக் கயிற்றால் கட்டியிருக்கும். அந்தச் சிவப்புக் கயிறு ஒரே காலையில் நாலு முறை எதிரே வந்தால் குருடனுக்கும் புரியும். சார்ஜென்டுக்குப் புரியாமல் இல்லை. பென்சோ கொண்டு வந்து வைக்கும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பானித்சாவைத் தின்றுகொண்டே அவர் உதைப்பார்.

கடைசி லாரியோடு மூட்டை மேலே போகும், கயிறு அவிழாமலேயே. மாட்ட அரை மணி, கழற்ற அரை மணி என்றால் முதலாளிக்கு வயிறு எரியும்.

போன வாரம் ஸ்பாஸின் லாரி மூன்றாம் வளைவில் பின்னால் வழுக்கியது. சுமை முழுக்கச் சூரியகாந்தி எண்ணெய். பின்சக்கரம் ஒன்று சாலையை விட்டு வெளியே போய் அந்தரத்தில் நின்றது. சாலையோரத் தகரத் தடுப்பு தாங்கியதால் பிழைத்தான். ஸ்பாஸ் என் தங்கை புருஷன். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னான். ஆனால் அன்று முதல் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் குடிக்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதித்தது.

இன்று காலை மறுபடி பனி கொட்டியது. நான் முதல் லாரி, எனக்குப் பின்னால் ஸ்பாஸ், அவனுக்குப் பின்னால் ஓக்னியான், கடைசியில் பெரியவர் கிரும். சார்ஜென்ட் என் மூட்டையை உதைத்தார், கட்டையைத் தூக்கினார். நான் கட்டையைத் தாண்டி இரண்டு லாரி நீளம் போனேன். அங்கேயே, எல்லோர் கண் முன்னாலேயே, ஓரங்கட்டி நிறுத்தினேன். இறங்கி மூட்டையை இழுத்துப் போட்டுச் சிவப்புக் கயிற்றைக் கத்தியால் அறுத்தேன்.

கொல்லைப்பக்கம் காத்திருந்த பென்சோ சறுக்கு வண்டியோடு ஓடி வந்தான்.

"என்னக்கா, மூட்டை பிஞ்சிருச்சா?"

"பிய்யல. நான்தான் பிரிச்சேன்."

"எதுக்கு?"

"சங்கிலியை எதுக்குப் பிரிப்பாங்க? தாலாட்டுப் பாடவா?"

பனியில் சங்கிலியை விரித்துச் சிக்கெடுத்தேன். வாங்கிய நாளிலிருந்து டயரையே பார்த்திராத சங்கிலி, கடையில் பூசிய எண்ணெய்கூட இன்னும் போகவில்லை. தூக்கிச் சக்கரத்தின் மேல் போர்த்தி, மண்டியிட்டு, கையை உள்ளே விட்டுப் பின்கொக்கியைத் தேடினேன். விரல்கள் மரத்துப் போயின. ஓக்னியான் கத்திக்கொண்டே வருவது கேட்டது.

"ஏய் நெவேனா! உனக்கு மூளை கெட்டுப் போச்சா? நீ மாட்டிக்கிட்டா நாங்க எதைக் காட்டறது?"

"எதையும் காட்ட வேண்டாம்."

"உன் உயிர் மட்டும் வெல்லக்கட்டியா?"

"ஆமா, எனக்கு வெல்லக்கட்டிதான். உன்னுது என்ன, தவிடா?"

அவன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். நான் அதைவிடப் பழையது ஒன்றைத் திருப்பிச் சொன்னேன். பிறகு கொக்கியை மாட்டிவிட்டு எழுந்து நின்றேன்.

"காட்டறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா கட்டை தூக்க மாட்டாங்க. கட்டை தூக்கலேன்னா நீங்க யாரும் ஏற முடியாது. ஏறலேன்னா சாகவும் முடியாது. இப்பப் புரியுதா, கழுதை?"

ஸ்பாஸ் தன் லாரிப் படியில் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் எதற்காவது சிரிக்கிறவன், இப்போது சிரிக்கவில்லை. கிரும் இறங்கி வந்தார். என் லாரியில் ஏறி, நான் கை காட்டியதும் அரைச் சுற்று முன்னால் நகர்த்தினார். நான் சங்கிலியை இழுத்து இறுக்கினேன். அடுத்த சக்கரத்துக்கு ஓக்னியானே மறுமுனையைப் பிடித்தான், முணுமுணுத்துக்கொண்டேதான்.

யாரோ போன் செய்திருக்க வேண்டும். வெலிச்கோவின் ஜீப் வந்து நின்றது. நல்ல கம்பளிக் கோட்டு, பளபளக்கும் காலணி.

"கழட்டு," என்றார்.

"மாட்டேன், முதலாளி."

"நாலு வண்டிச் சரக்கு இன்னிக்கு அந்தப் பக்கம் இறங்கணும். விளையாடறியா?"

"என் வண்டி போகும். நல்லா ஜோரா போகும். மீதி மூணுக்கும் மூணு மூட்டை வாங்கிக் கொடுங்க, அதுவும் போகும்."

"உனக்கு வேலை போச்சுன்னு வச்சுக்கோ."

பயந்தேன். பொய் சொல்வானேன்? ஆனால் வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"சரி. இந்தச் சரக்கை இறக்கிட்டு வந்து சாவியைத் தரேன். ஆனா சங்கிலியை நான் கழட்ட மாட்டேன். வேணும்னா நீங்க படுத்துக் கழட்டிக்குங்க."

படுத்தார்! அந்த மனிதனைப் பற்றி எது வேண்டுமானாலும் சொல்லலாம், ரோஷம் இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. நல்ல கோட்டோடு பனியில் சாய்ந்து சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். கொக்கி அசையவில்லை. நான் அதை இறுக்கியிருந்த லட்சணம் அப்படி. கொஞ்ச நேரத்தில் மீசையெல்லாம் பனியோடு எழுந்து, மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஓக்னியான், கழட்டுடா."

ஓக்னியான் முகவாயை மேலே தூக்கி நாக்கைச் சொடுக்கினான். எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்தால் இல்லை, மாட்டேன் என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சில்லை.

"கிரும்!"

கிருமின் தலையும் மேலே போனது.

ஸ்பாஸிடம் வரும்போது முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. "நீ நல்ல பையன்டா. நீயாவது கழட்டு. இல்லேன்னா அப்படியே ஏறு, நான் சார்ஜென்ட்கிட்டப் பேசிக்கறேன். ஒரு தடவை வழுக்கிச்சுன்னா தினமுமா வழுக்கும்?"

ஸ்பாஸ் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணத்தன்றுகூட என் தங்கை சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றவன். அவன் தலை மெல்ல மேலே எழுந்தது. நாக்கு சத்தமாகவே சொடுக்கியது.

"சாவி வண்டியிலதான் இருக்கு, முதலாளி," என்றான். "நீங்க ஏறுங்க."

ஏறினார். கோபத்தில் மனிதனுக்கு முன்பின் தெரிவதில்லை. ஸ்பாஸின் லாரியைக் கிளப்பி, தடுப்புக் கட்டை வரை உறுமிக்கொண்டு வந்து நிறுத்தினார். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் கீழே இறங்கி விட்டார்கள். கடைக்குள் இருந்தவர்களும் வாசலுக்கு வந்தார்கள். சார்ஜென்ட் இத்தனை கண்களையும் பார்த்தார். கையிலிருந்த பானித்சாவைக் கட்டையின் மேல் வைத்துவிட்டுத் தொப்பியைச் சரி செய்துகொண்டார். கதவைத் திறந்து, உதைக்க எதுவும் இல்லாத இடத்தை நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"சங்கிலி இருக்கா சார்?"

வெலிச்கோவ் என் சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முகவாயை மேலே தூக்கினார்.

"அப்ப ஓரமா நிறுத்துங்க," என்றார் சார்ஜென்ட்.

நான் என் லாரியில் ஏறி முதல் கியரைப் போட்டேன். சங்கிலி பனியைக் கடித்துக்கொண்டு மலையேறியது.