கல்லறைக்கு ஒரு முகம்

கரகண்டாவுக்கு வெளியே இருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது தௌலெத் உள்ளே இருந்தான். உடலைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்றார்கள்.

கல்லறைக் கல்லில் அவன் முகத்தைச் செதுக்க ஒரு படம் வேண்டும். அவன் கைபேசியின் பூட்டு எண் அவனுக்கு மட்டுமே தெரியும். வெந்நீர்க் குழாய் வெடித்த வருடமே ஆல்பமும் நனைந்து போய்விட்டது. மிஞ்சியது கல்யாணமான புதிதில் எடுத்த பிலிம் துண்டுகள்தான்.

அவன் மனைவி ஷோல்பான், கூட வேலை செய்பவளிடம் ஒரு பிலிம் ஸ்கேனரை இரவல் வாங்கி வந்தாள். முதலில் கணினிக்கு அது இருப்பதே தெரியவில்லை. வேறு கேபிள் மாற்றியதும் ஓடியது. ஆனால் எல்லாப் படத்திலும் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

"பிலிம்ல கீறல் போல" என்றாள்.

"இல்ல அண்ணி" என்றான் கொழுந்தன் ஒராஸ். "எல்லாத்துலயும் ஒரே இடத்துல வருது பாருங்க. உள்ள கண்ணாடியில தூசி."

துடைத்தார்கள். கோடு போயிற்று. பிலிம் சுருண்டு சுருண்டு எழுந்ததால் புத்தகத்துக்கடியில் அழுத்தி வைத்து, பிறகு சட்டத்தில் படுக்க வைத்தாள். தௌலெத் திரையில் வந்தான். ஏதோ வேற்றாள் போல இருந்தது. செத்தவர்கள் படத்தில் அப்படித்தான் தெரிவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் படத்தைச் செதுக்கிக் கல் நட்ட அன்று மாமியார் கனிபா கிட்டே போய்ப் பார்த்தாள்.

"யாருடி இவன்?"

"அத்தை..."

"என் புள்ளைக்குத் தழும்பு வலது புருவத்துல. இவனுக்கு இடது பக்கம் இருக்கு. கூடப் படுத்து எழுந்தவ நீ, உனக்குத் தெரியலையா?"

சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஷோல்பான் வீட்டுக்கு வந்து பிலிமை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்திலிருந்த எழுத்துகள் நேராகத் தெரியும்படி வைத்தால் பளபளப்பான பக்கம் அவளைப் பார்த்தது. ஸ்கேன் செய்த அன்று அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்திருந்தாள். இடம் வலமாகிவிட்டது. திருப்பி வைத்து மறுபடி எடுத்தாள். ஒரே நொடியில் அவன் அவனாகிவிட்டான். அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

கல் செதுக்கும் கெனாதி கையை விரித்தான். "கருங்கல்லும்மா. ரப்பர் வெச்சு அழிக்கவா முடியும்? பின்பக்கத்தைத் தேய்ச்சு அதுல செதுக்கித் தரேன்."

அப்படியே செய்து கல்லைத் திருப்பி நட்டார்கள். தப்பான முகம் வெட்டவெளியைப் பார்த்தபடி நின்றது.

கனிபா வந்து பார்த்தாள். "இப்பதான் என் புள்ள" என்று கல்லைத் தடவினாள். மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவளோடு இருந்தவள், அந்தக் குளிர்காலத்திலேயே ஒராஸ் வீட்டுக்குக் குடிபோய்விட்டாள்.

ஷோல்பான் ஸ்கேனரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மீதித் துண்டுகளை அவள் எடுத்துப் பார்க்கவே இல்லை.