சண்டைக்கு ஒரு எக்செல்

கணவன் டேட்டா அனாலிசிஸ் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட முடியவில்லை. "இன்னிக்கு வெயில் அதிகம்" என்றால்கூட, "எதோட ஒப்பிட்டுச் சொல்றே?" என்பான். காப்பீட்டு அலுவலகத்தில் பதவி உயர்வுக்கு அந்தப் படிப்பு வேண்டுமாம். எக்செல்லில் பிவட் டேபிள் என்ற தொகுப்பு அட்டவணை போடக் கற்றுக்கொண்ட அன்று, கோட்டையைப் பிடித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

அவள் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல்வரிசை செய்து கொடுப்பவள். வீட்டின் பின்னறையில்தான் வேலை. மெழுகில் பல்லைப் பதித்துக்கொண்டே அவன் பீற்றலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகியிருந்தாள்.

வகுப்பில் ஆளுக்கொரு ஆய்வு செய்து காட்டச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தன் தம்பியையும் தம்பி மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டு, லேப்டாப்பை டிவியோடு இணைத்தான். திரையில் வந்த தலைப்பைப் பார்த்ததும், பரிமாறிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. 'நம் வீட்டுச் சண்டைகள்'. அவளும் மகளும் வாயைத் திறந்த போதெல்லாம் குறித்து, டேட்டாபேஸில் ஏற்றி, எக்செல்லில் வண்ண வண்ணமாகப் படம் போட்டு வைத்திருந்தான். தேதி, அறை, ஆரம்பித்தவர், காரணம்.

"பாருங்க, எழுபது சதவீதம் அம்மா, மீதி முப்பது பொண்ணு ஆரம்பிக்கிறாங்க. காரணம் பெரும்பாலும் அற்பம்."

கொழுந்தன் தலையாட்டினான். ஓரகத்தி தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் ஆரம்பிச்சதுன்னு யாருப்பா முடிவு பண்ணது?" என்றாள் மகள்.

"நான்தான்."

"ஆரம்பிச்சவங்கள்ல உங்க பேரே இல்லையே."

"நான் கவனிக்கிறவன்மா. கவனிக்கிறவன் டேட்டாவுக்குள்ள வரக்கூடாது."

மகள் மவுஸை வாங்கித் தேதிக்கு ஃபில்டர் போட்டாள். நடுவில் மூன்று வாரம் வெறுமையாகக் கிடந்தது. அவன் வெளியூர் போயிருந்த வாரங்கள்.

"அப்போ சண்டையே இல்ல," என்றாள் மனைவி.

"அப்படிச் சொல்ல முடியாது. பதிவு பண்ண ஆள் இல்ல. அதுக்கு மிஸ்ஸிங் டேட்டான்னு பேரு."

அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. நடக்கையில் காலில் ஏதோ ஒட்டிக்கொண்டால் வரும் அருவருப்புதான் வந்தது.

வகுப்பில் அவனுக்கு முதலிடம். டேட்டா சுத்தமாக இருக்கிறது என்று வாத்தியாரே பாராட்டினாராம். சான்றிதழைக் கூடத்தில் மாட்டிவிட்டு, அடுத்த கட்டப் படிப்புக்கும் இதையே தொடரப் போவதாகச் சொன்னான்.

"தாராளமா," என்றாள்.

அன்றிலிருந்து தாயும் மகளும் அவன் காதுபடப் பேசுவதை நிறுத்தினார்கள். கேட்டதற்கு "ம்", "இல்ல", அவ்வளவுதான். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கதை பேசினார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள், சில நாள் சண்டையும் போட்டார்கள், குரலைத் தாழ்த்தி, ஆசை தீர. ஒருநாளாவது அவன் கதவைத் தட்டி, "ஏன் என்கிட்ட பேசறதில்ல?" என்று கேட்பான் என அவள் மனதின் ஒரு மூலை காத்திருந்தது. அவன் கேட்கவில்லை.

ஒரு மாலை கூடத்திலிருந்து அவன் தம்பியோடு போனில் பேசுவது கேட்டது.

"நான் அனாலிசிஸ் பண்ணப்புறம் வீட்ல சண்டையே கிடையாதுடா. கிராஃப் தரையில படுத்துடுச்சு. ஃபைலை அனுப்பறேன், நீயும் உன் வீட்ல ஆரம்பி."

சான்றிதழ் வாங்கிய மண்டை, என்று நினைத்துக்கொண்டாள். ஓரகத்தியை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. கையிலிருந்த பல்வரிசையை மேசைமேல் வைத்துவிட்டு, அவளுக்குப் போன் போட்டாள்.