வலது காது கேளாத ராமுத்தாய்

2005 ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அருள்புரத்தில் பொங்கியண்ணனின் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த ராமுத்தாய், முந்தைய நாள் மாலை நான்கு மணிக்குத்தான் உருவாகியிருந்தாள். வயது இருபத்தாறு. வாட்ச்மேனிடம் பேரைச் சொன்னாள், லிஸ்டில் இருந்தது, உள்ளே விட்டார். மூன்றாம் வரிசையில் ஓவர்லாக் மெஷின் ஒன்று காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள்.

அவளை எழுதியவள் ஆபீஸில் ஃபைல் பார்க்கும் அனுசுயா. டெய்லர்கள் ராத்திரி பன்னிரண்டு வரை தைத்தார்கள். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால், மிஞ்சிய நேரத்தை இல்லாத ஏழு டெய்லர்களின் பேரில் பிரித்து எழுதுவது அங்கே வழக்கம். பையர் ஆளனுப்பி வேலை நேரத்தைச் சரிபார்த்த போன ஆடிட்டில் அந்த ஏழு பேரும் ஒரே நாளில் லீவில் இருந்தார்கள். ஆடிட்டுக்கு வந்த அம்மாள் சிரித்துவிட்டு, அடுத்த முறை ஏழு பேரில் ராமுத்தாயையாவது பார்க்க வேண்டும் என்று சொல்லிப் போனாள். நல்லூரிலிருந்து ஒரு பெண்ணை நடிக்கக் கூட்டிவருவதென்றும், அவள் மனப்பாடம் செய்ய ஒரு தாள் எழுதுவதென்றும் பொங்கியண்ணன் முடிவு செய்தார்.

அனுசுயா முதலில் எழுதிய ராமுத்தாய் நல்லவள், உழைப்பாளி, லீவு போடாதவள். மறுநாள் டவுன் பஸ்ஸில் வரும்போது அந்தப் பெண்ணைப் பற்றி அனுசுயாவுக்கே ஒன்றும் ஞாபகம் இல்லை. பத்து நாள் யாரோடும் பேசாமல் யோசித்தாள். நூலைக் கத்தரியால் வெட்டாமல் பல்லால் கடிப்பவள் என்று எழுதினாள். ஃபேனுக்கு அடியில் இடம் பிடிக்கச் சண்டை போடுபவள். கோவில்பட்டிக்காரி. அப்பா இல்லை. வலது காது கேட்காது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அதைத் தானே சொல்லிக் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டவள், ஏனென்றால் அவளுக்குப் பொய் சொல்ல வராது. இந்தக் கடைசி வரியை எழுதியதும் பேனாவை மூடினாள். அப்போது மணி நான்கு.

நல்லூர்ப் பெண் வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து, இடம் நிறைந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பிப் போனாள். ராமுத்தாய் பதினெட்டு நாள் தைத்தாள், ஃபேனுக்காக இரண்டு முறை சண்டை போட்டாள். பதினெட்டாம் நாள் ஆடிட் அம்மாள் எதிரே உட்கார்ந்து, எத்தனை மணி வரை வேலை என்று கேட்டாள். பன்னிரண்டு மணி வரை என்று ராமுத்தாய் சொன்னாள். ஆர்டர் நின்றுபோனது.

பொங்கியண்ணன் சத்தம் போடவில்லை. "நீ எழுதுன ஆளுதான கண்ணு. நீயே கிழிச்சுப் போட்டுரு" என்றார்.

"சார், அவ டிபன் எல்லாம் எடுத்துட்டு வாராளே" என்றாள் அனுசுயா.

அவரே தாளை வாங்கி நாலாகக் கிழித்தார். லிஸ்டிலும் பேரை அடித்தார். செவ்வாய்க்கிழமை ராமுத்தாயின் விரல்கள் வழியாகத் துணியின் கோடு தெரிந்தது. புதன்கிழமை முழங்கை வரை தெரிந்தது. பக்கத்து மெஷின் ரோஸ்மேரி அவளை இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடச் சொன்னாள். அனுசுயா பழைய தாளை மூன்று முறை திரும்ப எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதில் வேறு ஒருத்தி இருந்தாள். மூன்றாம் வரிசையில் இருப்பவள் வெளுத்துக்கொண்டே போனாள். வியாழக்கிழமை தோள் வழியாகச் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது.

அன்று மதியம் அனுசுயா சாப்பிடாமல் ராமுத்தாயின் அம்மாவை எழுதினாள். முதலில் பாசமான அம்மா. அவளுக்கு முகம் வரவில்லை, அடித்துவிட்டாள். பிறகு, கல்யாணம் கெட்டதிலிருந்து நாலு வருடமாக மகளோடு பேசாத, யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்காத, வலது முழங்கால் வலிக்கிற ஒரு அம்மா. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்குகிறாள் என்று எழுதினாள். ஏன் வந்தாள் என்பது தெரியாததால் அந்த இடத்தை விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்தரை வரை கேட்டில் யாரும் இல்லை. ராமுத்தாயின் கையில் பனியன் தானாக நகர்வதுபோல் இருந்தது. பதினொன்றுக்கு ஒரு அம்மாள் மஞ்சப்பையோடு முழங்காலைப் பிடித்தபடி வந்து, மகளைப் பார்க்க வேண்டும் என்றாள். அந்தப் பேரில் யாரும் இல்லீங்கம்மா என்று வாட்ச்மேன் லிஸ்டைக் காட்டினார். "லிஸ்ட நானா பெத்தேன்?" என்று அவள் வெயிலில் நின்றாள். காரிலிருந்து இறங்கிய பொங்கியண்ணன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உள்ள உடுங்க. புள்ளையப் பாக்க வந்தவங்கள வெயில்ல நிறுத்தறதா?" என்றார்.

அம்மாள் மெஷின்களுக்கு நடுவே நடந்து மூன்றாம் வரிசைக்கு வந்தாள். வலது பக்கமாக வந்தவள் நின்று, வலிக்கிற காலோடு மெஷினைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய்க் குனிந்தாள். காதைப் பற்றி அம்மாவின் தாளில் அனுசுயா ஒரு சொல்லும் எழுதவில்லை.

"ஏட்டி, இப்படியா வெளுத்துப் போய்க் கெடப்ப? சோறு திங்கியா இல்லியா?"

ராமுத்தாய் நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தாள். கடிகாரம் அவளுக்குப் பின்னால் மறைந்தது. அம்மாள் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து கம்பெனி ராத்திரி எட்டு மணிக்கு மூடியது. தை மாதம் ஆர்டர் திரும்பி வந்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்பு, அந்த வெள்ளிக்கிழமையே, பொங்கியண்ணன் ராமுத்தாய்க்குப் புதுத் தாள் போடச் சொன்னார். அனுசுயா பேனாவைத் திறந்து, அவளுடைய இடது பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பிறந்த தேதி கேட்டாள். பிறகு படித்த பள்ளிக்கூடம் கேட்டாள். ராமுத்தாய் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.