பொருந்தச் சொன்ன பொய்

உபைத் இக்காவின் தொண்டையில் கட்டி எடுத்து இருபது நாள் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதத்துக்குக் கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரீக்கோட்டில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தாட்டத்துக்கு ஜீப்பில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி அறிவிப்பது இருபத்திரண்டு வருடமாக அவர்தான். சனிக்கிழமை இறுதி ஆட்டம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜீப் கிளம்பியாக வேண்டும். கமிட்டித் தலைவர் குஞ்ஞலவி ஹாஜி மஞ்சேரியிலிருந்து வேறு ஆளை வரச் சொல்லிவிட்டார்.

புதன் மாலை இக்கா என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்து ஒரு நோட்டீஸின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்: 'ஒரு தடவை மைக் கை மாறினால் திரும்பி வராது, ஜுமைலா.'

கண் கலங்கியிருந்தது. எனக்கு ஆண்கள் அழுதால் பிடிக்காது, உடனே கோபம் வரும். "அழாதீங்க இக்கா! உங்க குரல்லயே மெஷினைப் பேச வைக்கிறேன், போங்க!" என்று கத்திவிட்டேன். வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பிறவிக் குணம்.

மென்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருவர் பேசிய பதிவுகளை ஊட்டினால் அவர் குரலைக் கற்றுக்கொண்டு, நாம் தட்டுவதைப் பேசும். இக்காவின் பதிவுகள் பென்டிரைவ் பென்டிரைவாக இருந்தன. ஆனால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓட்டினால் நாலு நாள் ஆகும். என்னிடம் இருந்ததோ, யாரோ டிஜிட்டல் காயின் தோண்டுகிறேன் என்று வறுத்தெடுத்துவிட்டு எடைக்குப் போட இருந்த பழைய கார்டு.

வியாழன் காலை அதை மாட்டினேன். மென்பொருள் கார்டிடம் பெயர் கேட்டது. கார்டு அதன் காதில் ஏதோ சொன்னது. 'நீ பட்டியலில் இல்லை' என்று மென்பொருள் கதவை மூடிக்கொண்டது. பலம் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை, பெயர்தான் கேட்டது!

சரி, நம் ஊர்க் கல்யாணத்தில் அழைக்காதவன் எப்படி நுழைகிறான்? "பெண்ணோட உம்மா வழி, வடக்கே வீடு" என்று ஒரு வீட்டுப் பெயரைச் சொன்னால் பிரியாணித் தட்டு தானாக வருகிறது. அதே வித்தை இங்கும் உண்டு. ஒரே ஒரு கட்டளை வரியில் கார்டுக்கு அதன் குடும்பத்தைச் சேர்ந்த புதிய கார்டின் பெயரைச் சொல்லித் தரலாம். கார்டின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து, அதன் தம்பி பெயரைக் கொடுத்தேன். உள்ளே விட்டது! எழுந்து ஆடினேன்.

சோதனைக்கு ஒரு வார்த்தை பேச வைத்தேன். "குர்ர்ர்ர்..."

"இதென்ன, எங்க வீட்டு மிக்ஸியா?" என்றாள் நபீசு இத்தா, இக்காவின் மனைவி. இக்கா வாயைத் திறந்தால் தொடையில் அடிக்க என்றே கூட வந்திருந்தாள்.

நாலு தம்பி, இரண்டு சித்தப்பா பெயரெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். குர்ர்ர். கோபத்தில் கார்டைப் பிடுங்கி மேசையில் போட்டேன். அதன் ஸ்டிக்கர் ஒரு ஓரம் பிரிந்து நின்றது. நகத்தால் கிளப்பினால், அடியில் இன்னொரு ஸ்டிக்கர், இன்னொரு பெயர்! எவனோ பழைய கார்டுக்குப் புதுப் பெயர் ஒட்டி விற்றிருக்கிறான். பாவி!

"இத்தா, இவ்வளவு நேரம் மாப்பிள்ளை வீட்டுக்காரனைப் பொண்ணு வீட்டு ஆளுன்னு சொல்லிட்டிருந்தேன்!"

"அதான் சோறு போடல. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டி."

உண்மைக் குடும்பம் தெரிந்ததும் பொய் பொருந்தியது. கார்டின் காற்றாடி ஜெனரேட்டர்போல் இரைந்தது. அதற்கு ஒரு டேபிள் ஃபேனைக் காவல் வைத்து ஓடவிட்டேன்.

வெள்ளி காலை பத்து மணிக்கு வேலை முடிந்திருந்தது. இக்கா ஒற்றை விரலால் தட்டினார். கடை அதிர்ந்தது.

"அன்பார்ந்த நபீசு! எனக்கு ஒரு சாயா!"

மூவரும் கத்திவிட்டோம், இக்கா மட்டும் சத்தமில்லாமல். அறிவிப்புகளிலேயே படித்த மெஷின் சாயாவையும் இறுதி ஆட்டம்போல்தான் கேட்டது. நபீசு இத்தா கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நபீசு சொன்னால் சரியாகத்தான் இருக்கும்! நான் ஒரு மடையன்!" என்று இக்காவின் குரல் முழங்கியது.

"யா அல்லாஹ், இதைக் கேக்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்! ஜுமைலா, இன்னொரு தடவை போடு!"

அந்தக் கூத்துக்கு நடுவில் குஞ்ஞலவி ஹாஜி வந்து நின்றார். வாசலில் ஜீப், அதன் குழாயோடு கம்ப்யூட்டரை இணைத்தாயிற்று.

"பழைய ரெக்கார்டைப் போட்டு என்னை ஏமாத்தறியா, ஜுமைலா? மஞ்சேரிக்காரன் பஸ் ஏறிட்டான்."

"வேணும்னா உங்க பேரைச் சொல்லச் சொல்றேன், ஹாஜி."

"என் பேரு எல்லா வருஷ ரெக்கார்டுலயும்தான் இருக்கு. இப்ப இந்த நிமிஷம் நடக்கறதைச் சொல்லட்டும். அப்ப நம்பறேன்."

இக்கா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஹாஜியை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார்.

கடைவீதி முழுக்கக் கேட்டது: "நாட்டாரே! நாட்டாரே! கமிட்டித் தலைவர் குஞ்ஞலவி ஹாஜி அவர்களின் கவனத்திற்கு! காலையில் தாங்கள் தின்ற புட்டு இன்னும் தாடியில் இருக்கிறது! உடனடியாக அகற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்!"

மீன் கடையில் தராசு நின்றது. சாயாக்கடையில் ஒருவருக்குப் புரையேறியது. ஹாஜி தாடியைத் தடவினார். புட்டு உதிர்ந்தது. அவர் முகம் சிவந்தது. பிறகு தொப்பை குலுங்க ஆரம்பித்தது.

"இது அவனேதான்!" என்று கண்ணைத் துடைத்தார். "குரலை எந்த மெஷினும் பேசும். இந்தத் திமிர் அவனுக்குத்தான் வரும். மஞ்சேரிக்காரனைப் பாதி வழியிலயே இறங்கச் சொல்லு!"

ஜும்ஆ முடிந்து ஜீப் எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கம்ப்யூட்டருக்குப் பேட்டரி, கார்டுக்கு என் கை விசிறி. இக்கா தட்டத் தட்ட, அந்தக் குரல் பாலம் தாண்டிப் போயிற்று. வாசல்களில் ஆட்கள் ஓடி வந்து "உபைதே! தொண்டை சரியாயிடுச்சாடா?" என்று கூவினார்கள்.

இக்காவின் உதடுகள் குரலோடு சேர்ந்து அசைந்தன. நபீசு இத்தா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். அவள் விரல்களின் மேல் கண்ணீர் வழிந்தது, உள்ளங்கைக்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அழுதா அழு," என்றாள் அவள். "சத்தம் மட்டும் வந்துச்சு, தொலைச்சிடுவேன்."