அடக்கம்: இங்கே

பிறந்த நேரம் காலை ஐந்து பதினேழு. எடை இரண்டு கிலோ நூறு. இறந்தது நாலாம் நாள், மத்தியானம் மூன்று மணி. அடக்கம்: இங்கே.

அப்பாவின் குடும்ப நோட்டில் என் அக்காவைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். நிமிஷம் வரைக்கும் எழுதத் தெரிந்த மனுஷனுக்கு ஊர் பேரை எழுதக் கை வரவில்லை. பாலம் கட்டும் கம்பெனியில் ஃபிட்டர். பாலம் முடிந்தால் ஊர் மாறும். நான் பிறப்பதற்குள் பதினோரு ஊர். அத்தனை ஊரிலும் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து 'இங்கே', 'இங்கே' என்றே எழுதி வைத்திருக்கிறார். அவருக்கென்ன, எழுதும்போது அங்கேதானே இருந்தார்! கம்பெனியையும் மூடிவிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது?

அம்மாவுக்கு எல்லாம் மறந்துகொண்டு வருகிறது. என்னையே சில நாள் நர்ஸ் என்கிறாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போன அந்தக் குழந்தையை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். "ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போடி. புள்ளைய வெச்ச எடத்தைப் பாத்துட்டு வந்துடறேன்." எந்த ஊரும்மா என்றால், "ஆறு இருந்துச்சு" என்கிறாள். பாலம் கட்டப் போன இடத்தில் ஆறு இல்லாமல் வேறென்ன இருக்கும்! பயணம் போவதென்றால் இந்த மாசத்துக்குள் போய்விடுங்கள், அப்புறம் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"ஊர் பேரைச் சொல்லுங்கம்மா, தேடிப் பாக்கறேன்" என்றார் குமாஸ்தா.

"இங்கேன்னு எழுதியிருக்குங்க."

"எங்கே?"

"இங்கே."

"அம்மா, இங்க நாப்பது பேரு வரிசையில நிக்கறாங்க" என்று வைத்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

தம்பியிடம் புலம்பினால், "ஏதாவது ஒரு ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போய் இதான்னு காட்டிடுக்கா. அம்மாவுக்கு என்ன தெரியப்போகுது?" என்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் புள்ளையா இருந்தா அப்படிச் செய்வியாடா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

அதே கோபத்தில் நோட்டைப் புரட்டினேன். கடைசியில் என் கையெழுத்து. என் மகள் பிறந்த இடம்: ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர்? ஒரு எழவும் இல்லை. அப்பாவைத் திட்டியவள் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? பேனாவை எடுத்து ஆஸ்பத்திரி பேர், தெரு, ஊர், மாவட்டம் எல்லாவற்றையும் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினேன். அப்புறம் அம்மாவுக்கு மாத்திரை நேரமாகிவிட்டதென்று தண்ணீர் எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் நோட்டு அம்மா மடியில். கட்டிலில் காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, அப்பாவின் எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் பக்கம்.

"இங்கேன்னு போட்டிருக்காரேடி" என்றாள். "இத்தனை நாளா ஏன் சொல்லல?"

தம்ளரைப் பிடித்தபடி நின்றேன்.

அம்மா குனிந்து தரையைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில், அலமாரி ஓரம், நான் நின்ற இடம்.

"பாத்து நில்லுடி."

பிறகு தன் இரண்டு கால்களையும் மெதுவாகத் தரையிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் வைத்துக்கொண்டாள்.