மருந்து கலக்கிய கை

உடும்பஞ்சோலை மேட்டில் பனி விலகுமுன்பே சுருளியம்மாள் டிரம்மில் பூச்சிமருந்து கலக்கத் தொடங்கிவிடுவாள். டப்பாவைக் கவிழ்த்ததும் தண்ணீர் பால்போல் வெளுக்கும். முழங்கைவரை கையை விட்டுத் துழாவ வேண்டும். ஒரு கம்பு கேட்டதற்கு, "கை எதுக்கு இருக்கு?" என்றிருந்தான் கங்காணி. ஆறு வருசமாகக் கைதான். பெரியமுத்துவும் மற்ற ஆண்களும் அதைப் பம்பில் நிரப்பி ஏலச்செடிகளுக்கு அடிப்பார்கள்.

அன்று கட்டன்சாயா குடிக்க உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த மாரித்தாய் அலறினாள்.

"ஏ சுருளி, கை வேகுதுடி!"

கொதிக்கும் சாயாப் போகணியைச் சுருளியம்மாள் உள்ளங்கையில் தாங்கியிருந்தாள். தோல் கழன்றிருந்தது. வலிக்கவில்லை. யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எனக்குக் காலு அப்பிடித்தான்க்கா," என்றான் பெரியமுத்து. "செருப்பு எங்கன கழண்டு விழுந்துச்சுன்னே தெரிய மாட்டேங்குது."

காலை இழுத்து நடக்கிறான் என்று அந்த வாரமே அவனை வேலையிலிருந்து நிறுத்திய முதலாளி, எஸ்டேட் லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னார். எஸ்டேட்டில் வேலை பார்த்த பதினெட்டுப் பேரும் முதலாளியின் பங்களா வாசலில் போய் நின்றார்கள்.

"சாராயம் குடிச்சா கால் இழுக்கத்தான் செய்யும்," என்றார் முதலாளி.

சுருளியம்மாள் கட்டுப்போட்ட கையை நீட்டினாள். "நானுமா குடிச்சேன் மொதலாளி?"

"உனக்கு ரத்தமில்ல. கீரை தின்னு."

"அப்ப மருந்து டப்பாவக் குடுங்க. கம்பத்து டாக்டர்ட்ட காட்டிக் கேக்குறோம்."

"எஸ்டேட் சாமான் வெளிய போகாது."

கோபம் வரவேண்டிய இடம். அவளுக்கு வரவில்லை, நெஞ்சும் மரத்துத்தான் கிடந்தது. விறகு தீர்ந்துவிட்டது என்பதுபோல் சொன்னாள்:

"அப்ப நாளைக்கு நான் கலக்கல."

"நானும் தண்ணி எடுக்கல," என்றாள் மாரித்தாய்.

"நாங்க பம்பு தூக்கல," என்று ஆண்களிடமிருந்து குரல் வந்தது. "பெரியமுத்து வீடும் காலியாகாது."

முதலாளி சிரித்தார். "நாளைக்கே லாரியில வேற ஆளு எறக்குவேன்."

"எறக்குங்க. அவுகளுக்கும் இந்தக் கையக் காட்டுறேன்."

மறுநாள் விடிந்தபோது டிரம் காய்ந்து கிடந்தது. ஓடையில் வீசியிருந்த காலி டப்பா ஒன்றை மாரித்தாய் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டாள். டாக்டர் என்ன சொல்வாரோ, திரும்பி வரும்போது வீட்டுக்குப் பூட்டு விழுந்திருக்குமோ, யாருக்கும் தெரியவில்லை. பதினெட்டுப் பேரும் கம்பம் போகும் இறக்கத்தில் நடந்தார்கள்.

பாதி வழியில் பெரியமுத்து பின்தங்கினான்.

"நீங்க போங்கப்பா. நான் மெள்ள வாரேன்."

முன்னே போனவர்கள் நின்றார்கள். அவன் வந்து சேர்ந்ததும் மறுபடி நடந்தார்கள், அவன் நடைக்கு.